பெரட்டுக்கு வந்த நெருப்பு

மலை எரிந்து அணைந்த ஐந்தாம் நாள் விடியலில், சாமிப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு இன்னார் கொழுந்து பறிக்க, இன்னார் செடி வெட்டும் கவ்வாத்துக்கு என்று வேலை பிரித்துக்கொண்டிருந்தபோது, நெருப்பு வந்து ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றது. இடுப்பு உயரம் இருந்தது. அடியில் விறகில்லை, எண்ணெயில்லை, காய்ந்த இலைகூட இல்லை. வெறும் மண்ணில், காற்றுக்கு ஆடாமல், முன்னால் நிற்கிறவனின் முதுகைப் பார்த்தபடி, பேர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற ஆளைப்போல நின்றது.

கணக்கப்பிள்ளை சூசைநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"யாரு செட்டு ஆளு இது?"

"நம்ம செட்டு இல்லைங்க ஐயா," என்றார் சிலம்பன் கங்காணி. "நம்மாளுங்க பதினாலு பேரு. எண்ணிப் பாத்துக்கங்க."

மற்றக் கங்காணிகளும் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்துத் தங்களுடையது இல்லை என்றார்கள். பேர் கூப்பிடப்படாத நெருப்பு, கொழுந்து மலைக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து, எரிந்துபோன நாலாம் நம்பர் மலையின் ஓரத்தில் மாலைவரை நின்றது. நாலு மணிக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் இறங்கினார்கள். நெருப்பு மட்டும் பெரட்டுக்களத்துக்குத் திரும்பி, அடுத்த நாள் காலைவரை அங்கேயே நின்றது.

முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம், "தள்ளி நில்லேன், முந்தானையில பட்டுறப் போவுது," என்று அதட்டினார்கள். யாருடைய முந்தானையும் கருகவில்லை. அதன் காலடியில் முளைத்த புல்லின் நுனிகூடக் கருகவில்லை. எரிக்க வேண்டியதையெல்லாம் எரித்து முடித்துவிட்டதால் அதற்கு இப்போது சூடு மட்டும்தான் மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள். பனியில் நனைந்த கம்பளிகளைப் பெண்கள் அதன் பக்கத்தில் விரித்துக் காயவைத்தார்கள். பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாளே வேலைக்கு வந்தவள் அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். சிலம்பன் கங்காணி ஒரு நாள் மறதியாகக் குனிந்து அதில் பீடி பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்தபின் செத்துப்போன தன் தம்பி மகளின் ஞாபகம் வர, பீடியை மண்ணில் தேய்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் அதன் வழியாக விழுந்து மறுபக்கம் ஓடியது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அதற்கும் அப்படியே.

அது ஏன் நிற்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவரை வேலைக்குப் போட்டவர் தன் வாயால் 'வேலை விட்டாச்சு' என்று சொல்லும்வரை வேலையை விட்டுப் போகக் கூடாது என்பது அந்தத் தோட்டத்தின் வழக்கம்; சங்கு ஊதினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. ஒரு காலத்தில் ஒரு கங்காணி மறந்துபோனதால் நாலு பெண்கள் இருட்டும்வரை மலையிலேயே நின்ற கதை இன்னும் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிறது. இந்த நெருப்பையும் யாரோ வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். போட்ட வேலையை அது ஒரே மதியத்தில் செய்து முடித்துவிட்டது: வரிசை வீடுகளாக மூன்று லயம், நாற்பது ஏக்கர் தேயிலை, ஏழு உயிர். இனி விட வேண்டும். விட வேண்டியவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஏழு உயிரில் ஒன்று மூக்காயி. நோட்டீஸ் சன்னாசியின் மனைவி.

சன்னாசிக்கு எழுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். தொழிற்சங்கம் அச்சடித்து அனுப்பிய துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்தே தமிழையும் உலகத்தையும் தெரிந்துகொண்டவர். அதனால் வீட்டில் உப்புக் கேட்டாலும் மேடையில் கேட்பதுபோல்தான் கேட்பார். முப்பது வருடம் தோட்டத் தலைவராக இருந்தார். மூன்று முறை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இரண்டு முறை பொலிஸில் அடி வாங்கினார். பிறகு சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டும் அவரைக் கைவிட்டன. இப்போது தோட்டத்தில் அவரைத் 'தலைவரே' என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேலியாகக் கூப்பிடுகிறவர்கள். எந்தப் பாதி என்று அவருக்குத் தெரியும்.

எரிந்த அன்று அவர் தோட்டத்தில் இல்லை. கைவிடப்பட்ட மேமலையில் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும் மானாப்புல்லை வெட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டு, டவுனில் சங்க ஆபீஸ் வாங்குப் பலகையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். செயலாளர் வரவில்லை. வறண்ட கச்சான் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சுவர்கள் மட்டும் நின்றன. மூக்காயி ஒருமுறை வெளியே வந்துவிட்டாள் என்றும், பக்கத்துக் காம்பரா வீட்டில் கால் விளங்காமல் கிடந்த அரியானைத் தூக்கிவர மறுபடி உள்ளே போனாள் என்றும் சொன்னார்கள். கம்பெனி கொடுத்த தகரக் கொட்டகையில் அவருக்கு ஒரு பாயும் ஓர் அடுப்பும் கிடைத்தன. அடுப்பை அவர் மூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டுக் காரணம் பேசினார்கள். நெருப்பும் நடுவில் நின்று கேட்டது. மழைக்குப் பேர்போன இந்தத் தீவில் மலை எப்படி எரியும் என்று ஆரம்பித்து, தேர்த் திருவிழாவை இரண்டு வருடமாக நிறுத்திவைத்ததுதான் என்றார் பூசாரி. தொய்ந்து கிடந்த மின்கம்பி என்றார் பள்ளிக்கூட வாத்தியார். மேல் பங்களாவை ஹோட்டலாக்கி ஓடைத் தண்ணீரையெல்லாம் அதற்குத் திருப்பியதுதான் என்றாள் கொழுந்தெடுக்கும் ஒருத்தி. காரணம் சொன்னவர்கள் எல்லோரும் சொல்லி முடித்ததும் நெருப்பின் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா, அவங்கதான் உன்னைய அனுப்புனவங்க, அவங்ககிட்டப் போ," என்று கையை நீட்டிக் காட்டினார்கள். நெருப்பு நின்ற இடத்தில் நின்றது.

சன்னாசி நாலு பக்கத்தில் ஒரு பிரசுரம் கையால் எழுதிக்கொண்டுவந்து நெருப்புக்கு முன்னால் நின்று வாசித்தார். ஐந்து வருடத்துக்கு முன் மேமலையைக் கம்பெனி கைவிட்டது, தேயிலையை மானாப்புல் தின்ன விட்டது, புல்லை வெட்ட ஆள் போடவில்லை, தண்ணீரைத் திருப்பியது, ஆகவே இது நெருப்பு அல்ல, நிர்வாகம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் கடைசியில் கையை உயர்த்தினார். நெருப்பு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

"தொரை பக்கம் சாஞ்சிருச்சு போல தலைவரே," என்றார் சிலம்பன்.

"நெருப்புக்குக்கூட வர்க்க உணர்வு இல்லாமப் போச்சு," என்று சொல்லிவிட்டுச் சன்னாசி காகிதத்தை மடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் சிரித்தார்கள்.  அன்று அவரோடு பேச யாரும் வரவில்லை.

இப்படியே இரண்டு மாதம் போனது. காலையில் எழுந்து பெரட்டுக்கு வருகிறவர்களுக்கு நெருப்பைப் பார்க்கச் சலிப்பாக இருந்தது. சலிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாகியது. யாராவது ஒருவரின் பேரை எழுதி முடித்துவிட்டால் போய்விடும் என்று ஒரு பேச்சு எங்கிருந்தோ கிளம்பியது. அந்தப் பேச்சோடு ஒரு பேரும் சேர்ந்தே கிளம்பியது. செவனம்மா.

செவனம்மா நாற்பது வயதுக்காரி, தனியாள். புருஷன் கொழும்புக்குப் போய்ப் பதினோரு வருடம். வெள்ளிக்கிழமை தவறாமல் மேமலை ஓரத்து முனியாண்டிக் கல்லில் கற்பூரம் ஏற்றுவாள். மலை எரிந்தது வெள்ளிக்கிழமை. அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை, பேசவும் ஆளில்லை. ஒரு பேர் எழுத வேண்டுமென்றால் அதைவிட வசதியான பேர் தோட்டத்தில் கிடையாது. மாவட்டத்திலிருந்து விசாரணை அதிகாரி புதன்கிழமை வருவதாகவும், அவர் பேரை எழுதிக்கொண்டதும் பொலிஸ் வந்து அவளை ஏற்றிப் போகும் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மதியம் செவனம்மா சன்னாசியின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அவர் அவளை உள்ளே கூப்பிடவில்லை. உட்காரச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எழுத மாட்டாங்க."

"என் வார்த்தைக்கு இப்ப யாரு மதிப்புக் குடுக்குறா? அதான் நாலு பக்கம் வாசிச்சேனே."

"வாசிச்சீங்க. கம்பெனியப் பத்தி." அவள் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நெருப்புக் கோட்டப் பத்தி வாசிக்கலியே."

சன்னாசி நிமிர்ந்து பார்த்தார்.

நெருப்புக் கோடு என்பது லயத்துக்கும் மேமலைக்கும் நடுவில் இருபதடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்திருக்கும் நீண்ட பட்டை. மேலே பற்றினால் கீழே தாண்டாது. வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அதைச் செதுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கட்டளை. அதற்குப் பெரட்டில் பேர் கூப்பிடமாட்டார்கள், கூலியும் கிடையாது. பத்தொன்பது வருடத்துக்கு முன் சன்னாசிதான், 'பேர் கூப்பிடாத வேலையை மனிதன் செய்யமாட்டான்' என்று பிரசுரம் எழுதி, பதினொரு நாள் தோட்டத்தையே நிறுத்தி, பெரியதொரையிடம் கையெழுத்து வாங்கினார். அவர் வாழ்க்கையில் முழுசாக வென்ற ஒரே போராட்டம் அதுதான். அதன்பிறகு நிர்வாகம் பேர் கூப்பிட்டுக் கூலி கொடுத்தும் அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை. கோட்டில் முதலில் அருகு வந்தது, பிறகு புதர் வந்தது.

மூக்காயி மட்டும், போராட்டம் முடிந்த பிறகும் இரண்டு வெயில் காலம், யாரும் கேட்காமலே அருவாளை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகச் செதுக்கினாள். அது சன்னாசியின் காதுக்கு வந்தது. அடுத்த கூட்டத்தில் இருநூறு பேருக்கு முன்னால் அவர் சொன்னார்: "கருங்காலி வெளியில இல்ல தோழர்களே. என் வீட்டு அடுப்படியிலேயே இருக்கா." வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறவர்களுக்கென்று வைத்திருந்த சொல். கூட்டம் கைதட்டியது. மூக்காயி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கோட்டுக்குப் போகவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவர் பொலிஸில் அடிபட்டு வந்தபோது ஒத்தடம் கொடுத்தாள். தேவையானதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அதை அவர் பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"எரியிறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம," என்றாள் செவனம்மா, "நான் கல்லுக்குப் போறேன், அக்கா அருவாளோட கோட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. பொதர ரொம்ப நேரம் பாத்துச்சு. 'இந்தத் தடவ காத்து சரியில்ல செவனம்மா'ன்னுச்சு. 'வெட்டுவோம்க்கா, நானும் கைகுடுக்கிறேன்'னேன். 'வேணாம்டி, வெட்டுனா அவரு மறுபடி அந்த வார்த்தையச் சொல்லுவாரு'ன்னு சொல்லிட்டு அருவாள இடுப்புல சொருகிக்கிட்டு எறங்கிருச்சு."

 அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான், சன்னாசி தன் கை சாம்பலே இல்லாத அடுப்பைத் துழாவிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

புதன்கிழமை காலை அதிகாரி ஜீப்பில் வந்தார். பெரட்டுக்களத்தில் மேசை போட்டார்கள். அவர் நெருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப்பற்றி ஏற்கெனவே யாரோ அறிக்கை அனுப்பியிருப்பதைப்போலத் தலையசைத்து, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். காரணம் என்ன என்று கேட்டார். தோட்டம் மொத்தமும் தன் கால்விரல்களைப் பார்த்தது. சூசைநாதன் எழுந்து, "செவனம்மான்னு ஒரு பொம்பள, கற்பூரம்..." என்று ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க," என்றார் சன்னாசி.

அவர் வரிசையிலிருந்து வெளியே வந்தார். பன்னிரண்டு வருடமாக அந்தக் களத்தில் அவர் பேர் கூப்பிடப்படவில்லை. அதிகாரிக்கு முதுகைக் காட்டி நெருப்புக்கு முன்னால் போய் நின்றார். கையில் காகிதம் இல்லை.

"நெருப்புக் கோட்ட நிறுத்துனவன் நான். பேர் கூப்பிடாத வேலைய நிறுத்தச் சொன்னது நியாயம், இப்பவும் சொல்லுவேன். ஆனா கூப்பிட்டாவது செய்ய வைக்கணும்னு ஒரு நாளும் நான் கேக்கல. செயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டேன். ஒரே ஒருத்தி செஞ்சா. அவளக் கருங்காலின்னேன். நீங்கல்லாம் கைதட்டுனீங்க, அது உங்க பாடு. சொன்னது நான்." குரல் மேடைக் குரலாக எழும்பப் பார்த்தது, அவர் அதை அடக்கினார். "அவ கைய நான் கட்டிப் போடாம இருந்திருந்தா நீ அந்த எடத்தத் தாண்டியிருக்க மாட்ட. உன்னைய வேலைக்குப் போட்டவன் நான்தான். வேலை விட்டாச்சு. போ."

நெருப்பு அசைந்தது. அத்தனை நாளில் முதல் முறையாக அசைந்தது. உச்சியிலிருந்து ஒரு விரற்கடை குறைந்தது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அப்படியே நின்றது.

சன்னாசி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு உயிரின் பாரத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக வந்த மனிதருக்கு, தன் பங்கு இவ்வளவுதான் என்பது அவமானமாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"நீங்க அவ்வளவு பெரிய ஆளு இல்ல தலைவரே," என்றார் சிலம்பன் கங்காணி. யாரும் சிரிக்கவில்லை. சிலம்பனும் சிரிக்கவில்லை. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து சன்னாசிக்குப் பக்கத்தில் நின்றார். "பொகையப் பாத்ததும் நான் மொதல்ல என் மாட்டத்தான் அவுத்து விட்டேன். அப்பறந்தான் லயத்துக்குத் தெரியத் தப்பு மோளத்த அடிச்சேன். வேலை விட்டாச்சு." நெருப்பு இன்னொரு விரற்கடை குறைந்தது.

பிறகு சூசைநாதன், கம்பி தொய்ந்து கிடப்பதை இரண்டு வெயில் காலமாகப் பார்த்தும், எழுதினால் தொரைக்குக் கோபம் வரும் என்று எழுதாமல் விட்டதைச் சொன்னார். மேமலையிலேயே குப்பையைக் கொட்டிக் கொளுத்தி வந்தவர்கள் சொன்னார்கள். மூக்காயியைக் கருங்காலி என்றபோது கைதட்டியவர்கள், வெயில் ஏறும்வரை ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள்; அவர்களுக்கு ஒவ்வொரு நூலளவு குறைந்தது. கடைசியாகச் செவனம்மா வந்து, "கற்பூரம் ஏத்துனேன், அணைஞ்சுதான்னு திரும்பிப் பாக்கல," என்றாள். நெருப்பு இம்மியும் குறையவில்லை. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அதிகாரி பேனாவை மூடினார்.

தோட்டத்தில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சொல்லி முடித்தபோது, இடுப்பு உயரத்தில் நின்ற நெருப்பு முழங்காலுக்கு வந்திருந்தது. அதற்குமேல் குறையவில்லை. முழங்காலளவு நெருப்புக்கு உரியவர்கள் அந்தக் களத்தில் இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் சன்னாசி தெளிவாகச் சொன்னார், முகவரியும் கொடுத்தார். அதிகாரி 'காரணம் ஆராயப்பட்டு வருகிறது' என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஐப்பசியில் மழை வந்தது. எரிந்த மலையில் மானாப்புல்தான் முதலில் பச்சையாக எழுந்தது. பெரட்டை உர ஸ்டோர் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். வழியில் ஒரு நெருப்பு நிற்பது வேலைக்குத் தொந்தரவு என்றார்கள். கொஞ்ச நாளில் அதைப்பற்றிப் பேசுவதும் குறைந்தது. தன் பங்கைச் சொல்லிவிட்டவர்களுக்கு அதைப் பார்க்க வேண்டிய தேவையில்லாமல் போனது.

சன்னாசி மட்டும் விடியலில் பழைய களத்துக்கு வருவார். அவர் நடந்தால் அது பின்னால் நடக்கும். சாம்பலிலிருந்து எடுத்த மூக்காயியின் அருவாளுக்குப் புதுப் பிடி போட்டிருந்தார். கோட்டில் குனிந்து, ஒரு நாளைக்குக் கைவிரிப்பளவில் இரண்டு பாகம், மூன்று பாகம் என்று புதரைச் செதுக்குவார்; நெருப்பு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். மூக்காயி எப்படிப் பிடித்தாள், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

கொழுந்துக்கூடையோடு இறங்கிய ஒரு கூட்டம் அவரைப் பார்த்து நின்றது. அதில் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"என்னாங்க தலைவரே, பேர் கூப்பிடாத வேலையாட்டம் இருக்கு? கருங்காலி ஆயிட்டீங்களா?"

சன்னாசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பழைய நாட்களில் இதற்கு அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

"ஆமா தாயி," என்றார். "வீட்டுக்காரிகிட்டக் கத்துக்கிட்டேன்."

அவர்கள் போய்விட்டார்கள். அன்று பிற்பகல் கீழ் ரோட்டில் கம்பெனியின் வெள்ளைக் கார், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேல் பங்களாவை நோக்கிப் போனது. சத்தம் கேட்டதும் நெருப்பு, வரிசையில் தன் பேர் வரப்போகிறதென்று நிமிர்கிற ஆளைப்போல, நேராக நிமிர்ந்து நின்றது. அவரும் அருவாளைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். கார் வளைவில் திரும்பி மறைந்தது. தூசி அடங்கியது. நாலு மணிச் சங்கு ஊதியது.

அது மெல்லத் தணிந்து பழைய உயரத்துக்கு வந்தது. சன்னாசி அருவாளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா," என்றார். "நாளைக்கு வருவோம்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.